எர்த் இருந்தால் ஹம், எடுத்தால் ஷாக்: ஆம்ப்ளிஃபையர் பவர் கார்டு குழப்பம்

ஜெலுத்தோங்_வாசி (பினாங்கு)

வணக்கம் அண்ணன்மார்களே. வீடு ஜெலுத்தோங் பக்கம், பழைய தெரஸ் வீடு. செட்டு இதுதான்: ஐரோப்பிய இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப் (செகண்ட் ஹேண்ட், பின்னால் 230 வோல்ட், 400 வாட் என்று போட்டிருக்கு), டர்ன்டேபிள், டிவியோடு அஸ்ட்ரோ பெட்டி (டிஷ் வழியாகச் சேனல் தரும் டிகோடர்), சில நேரம் லேப்டாப்.

ஆம்போடு வந்த கார்டில் இரண்டு உருண்டை பின் பிளக். யுனிவர்சல் அடாப்டரில் செருகி ஓட்டியபோது சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் பின்பக்க ஸ்குரூவைத் தொட்டால் விரலில் குறுகுறுப்பு, வெறுங்காலில் நின்றால் இன்னும் அதிகம். ஆம்ப் உடலுக்கும் கம்ப்யூட்டர் பெட்டியின் உலோகத்துக்கும் நடுவே டிஜிட்டல் மீட்டர் 108 வோல்ட் காட்டுது. டெஸ்ட் பென்னும் மங்கலாக எரியுது.

இப்போ நம்ம ஊர் மூன்று பின் கார்டு மாட்டினேன். குறுகுறுப்பு போச்சு, ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஹம் வந்துடுச்சு. பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிடு, ஹம் போயிடும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? ஃபியூஸ் எத்தனை ஆம்ப் போடணும்? தடிமனான ஆடியோ பவர் கார்டு வாங்கினால் ஹம் நிற்குமா?

---

மெல்லிசை88

கடைக்காரர் சொல்றது சரிதான் பிரதர். எர்த் வயரைக் கழற்றி டேப் சுத்திடுங்க, ஹம் உடனே நிற்கும். வீட்டில் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் அறுத்துவிடும் சுவிட்ச்) இருக்குல்ல, ஏதாவது ஆனா அது டிரிப் ஆயிடும்.

---

வயர்மேன்_செந்தூல் (கோலாலம்பூர்)

மேலே உள்ளதை யாரும் செய்துவிட வேண்டாம். ஹம் நிற்கும் என்பது உண்மை. ஆர்.சி.சி.பி பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஆளைக் கொல்லும்.

முதலில் தம்பியின் 108 வோல்ட். உருண்டை பின் ஐரோப்பிய பிளக்கில் எர்த்துக்குத் தனி பின் கிடையாது, பிளக்கின் ஓரங்களில் உள்ள உலோகப் பட்டைதான் எர்த். யுனிவர்சல் அடாப்டரில் அந்தப் பட்டையைத் தொட எதுவுமே இல்லை. ஆகவே உங்கள் ஆம்ப் இத்தனை நாளும் எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கிறது. எர்த் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி இரண்டு பின் பிளக்கை நுழைக்கும் நம்ம ஊர் வித்தையும் இதே கணக்கில்தான் வரும். அதில் பிளக் ஃபியூஸும் இல்லாமல் போகிறது.

கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட லைவிலிருந்து உடலுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து உடலுக்கு ஒன்று என இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் பல சாதனங்களில் உண்டு. எர்த் இல்லாதபோது உடல் இரண்டுக்கும் நடுவில் தொங்கும், மீட்டரில் 230இல் ஏறக்குறைய பாதி தெரியும். கெப்பாசிட்டர் 4.7 நானோஃபாரட் என்றால் உடலிலிருந்து எர்த்துக்கு ஓடக்கூடியது சுமார் 0.34 மில்லிஆம்ப். விரலுக்குத் தெரியும், உயிரை எடுக்காது.

ஆனால் அது இந்தக் கசிவுதானா, டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போய்விட்டதா என்பதை டெஸ்ட் பென் சொல்லாது. இரண்டுக்கும் எரியும். பிரித்துப் பார்க்க ஒரு 47 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் போதும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, ஆம்ப் உடலுக்கும் எர்த் உறுதியாக உள்ள இன்னொரு உலோகப் பெட்டிக்கும் நடுவே அதைக் கிளிப்பால் மாட்டுங்கள். மீட்டர் முனைகளையும் கிளிப்பால் அதன் இரு பக்கமும் பிடித்துவிட்டு, கையை எடுத்த பிறகு பழைய அடாப்டர் வழியாகவே கரண்ட் கொடுங்கள். 108 என்றிருந்தது 15, 20 வோல்டுக்கு விழுந்தால் வெறும் கெப்பாசிட்டர் கசிவு. 200க்குப் பக்கத்தில் ஏறி நின்றால் இன்சுலேஷன் போச்சு, ஆம்ப் பட்டறைக்குப் போகட்டும். மின்சார வேலை பழக்கமில்லாதவர் இதைத் தொட வேண்டாம், ரிப்பேர்காரர் இரண்டு நிமிடத்தில் பார்த்துத் தருவார்.

இப்போது ஆர்.சி.சி.பி. லைவில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. எர்த் வயர் இல்லாத ஆம்பில் லைவ் கம்பி உடலைத் தொட்டால் எங்கேயும் கரண்ட் கசிவதில்லை. ஆர்.சி.சி.பிக்கு ஒன்றும் தெரியாது. உடல் 230 வோல்டில் காத்திருக்கும். முதலில் தொடுகிற ஆள்தான் கசிவுக்கு வழி. எர்த் இருந்தால் பழுது நடந்த அந்த நொடியே, யாரும் தொடுவதற்கு முன்பே டிரிப் ஆகும்.

ஆடியோவில் இன்னொன்று உண்டு. ஆர்.சி.ஏ கேபிளின் (சாதனங்களை ஆம்போடு இணைக்கும் ஆடியோ கேபிள்) வெளிவளையம் பெரும்பாலான ஆம்பில் உடலோடு இணைந்திருக்கும். ஆம்ப் உடலில் 230 ஏறினால் டர்ன்டேபிளின் கை, லேப்டாப்பின் அலுமினியப் பெட்டி, காதில் மாட்டிய ஹெட்போனின் உலோகம் எல்லாவற்றிலும் அது நிற்கலாம். பழுதானது ஒரு பெட்டி, ஷாக் அடிப்பது இன்னொன்று.

எர்த் மட்டும் இருந்து ஆர்.சி.சி.பி வேலை செய்யாவிட்டால்? நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது வாசல் பக்கம் மண்ணில் அடித்த செம்புக் கம்பிதான், டி.என்.பி (மின்சாரக் கம்பெனி) கம்பத்திலிருந்து தனி எர்த் வயர் வருவதில்லை. அந்தக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று வையுங்கள். 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்ப். 13 ஆம்ப் பிளக் ஃபியூஸ் இதற்கு அசையாது, டி.பி பாக்ஸில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) உள்ள 32 ஆம்ப் எம்.சி.பி (கரண்ட் மிஞ்சினால் அணையும் சுவிட்ச்) திரும்பிக்கூடப் பார்க்காது. நம் வயரிங்கில் எர்த்தும் ஆர்.சி.சி.பியும் ஜோடி, ஒன்றை எடுத்தால் மற்றது பாதி வேலைதான் செய்யும்.

டி.பி பாக்ஸைத் திறந்து ஆர்.சி.சி.பி மேல் என்ன எழுதியிருக்கு என்று பாருங்கள். 0.1ஏ என்றால் 100 மில்லிஆம்ப், 0.03ஏ என்றால் 30. பழைய வீடுகளில் மொத்த வீட்டுக்கும் ஒரே 100 மில்லிஆம்ப் மட்டும் இருக்கும். அது ஆளைக் காப்பாற்றப் போதாது, சாக்கெட் லைனுக்கு 30 வேண்டும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். அழுத்தியதும் டிரிப் ஆனால் எர்த் நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டன் உள்ளுக்குள்ளேயே லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சோதிப்பது, வாசல் எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் டிரிப் ஆகும். மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டரும் எர்த் இருக்கிறதா என்று சொல்லும், எத்தனை ஓம் என்று சொல்லாது. கடல் காற்றடிக்கிற பினாங்கில் கம்பியில் உள்ள கிளாம்ப் பச்சை பூத்து இற்றுப் போவது சாதாரணம். பதிவு பெற்ற வயர்மேனிடம் எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள்.

---

பாயான்பாரு_ஒலி (பினாங்கு)

வயர்மேன் அண்ணன் பாதுகாப்பைச் சொல்லிவிட்டார், நான் ஹம்முக்கு வருகிறேன். ஹம் வருவது சிக்னல் கேபிளில். அங்கேதான் அதை நிறுத்தணும், பவர் பிளக்கில் அல்ல.

நடப்பது இதுதான். ஆம்ப் எர்த்தைத் தொட்டிருக்கு. ஆர்.சி.ஏ வழியாகச் சேர்ந்த இன்னொரு சாதனமும் வேறு வழியில் எர்த்தைத் தொட்டிருக்கு. இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் எப்போதும் உண்டு, அதனால் ஆர்.சி.ஏவின் வெளிவளையத்தில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். அதில் 1 மில்லிவோல்ட் விழுந்தாலே போதும். பாட்டு சிக்னல் 300 மில்லிவோல்ட் என்றால் ஹம் அதற்கு 50 டெசிபெல் கீழே நிற்கும், பாட்டின் அமைதியான இடத்தில் தெளிவாகக் கேட்கும்.

தேடும் வரிசை: ஆம்பை அணைத்து எல்லா இன்புட்டையும் உருவுங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். ஆன் செய்து கேளுங்கள். இப்போதும் ஹம் இருந்தால் ஆம்புக்குள் கோளாறு, பெரும்பாலும் பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அந்த ஹம் 100 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். ஸ்பீக்கர் அமைதி, ஆம்ப் பெட்டி மட்டும் முனகுது என்றால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு, எர்த்துக்குச் சம்பந்தமே இல்லை. அமைதியாக இருந்தால் ஒவ்வொரு கேபிளாக மாட்டுங்கள். மாட்டும் ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டு மாட்டுங்கள், ஆர்.சி.ஏ நடுமுனை முதலில் தொட்டால் ஸ்பீக்கரில் வெடிச் சத்தம் வரும்.

உங்கள் பட்டியலில் நான் முதலில் சந்தேகப்படுவது அஸ்ட்ரோ. டிஷ்ஷின் கோஆக்ஸ் வெளிவலை சுவரில் பதித்த இரும்புக்குழாயில் தொடங்கி டிகோடர், எச்.டி.எம்.ஐ, டிவி, ஆர்.சி.ஏ வழியாக ஆம்ப் எர்த் வரை ஒரே உலோகப் பாதை. டிகோடரில் உள்ள டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், ஹம் அந்த இடத்திலேயே நின்றால் திருடன் அகப்பட்டான். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரை உருவி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டர்ன்டேபிளில் மட்டும் ஹம் என்றால் அதன் மெல்லிய எர்த் வயரை ஆம்பின் பின்னால் உள்ள 'கிரவுண்ட்' முனையில் திருகுங்கள். அது சிக்னலுக்கான எர்த், அதைக் கொண்டுபோய் சாக்கெட் எர்த்தில் சொருகாதீர்கள்.

கார்டு தடிமனானால் ஹம் நிற்காது. பாதை அப்படியேதானே இருக்கு.

---

ஜெலுத்தோங்_வாசி

மிக்க நன்றி அண்ணே. எல்லாத்தையும் பார்த்தேன். ரெசிஸ்டர் சோதனையை ரிப்பேர் கடையில் செய்தார்கள், 17 வோல்ட். வெறும் ஆம்ப் அமைதி. டர்ன்டேபிள் அமைதி. லேப்டாப் சார்ஜரோடு லேசான கீச்சு, பேட்டரியில் இல்லை. டிவி ஆர்.சி.ஏ மாட்டினதும் ஹம், டிஷ் கேபிளைக் கழற்றினால் சுத்தமாக நின்னுடுது. ஆர்.சி.சி.பி 0.1ஏ ஒன்று மட்டும்தான் இருக்கு, பட்டன் வேலை செய்யுது.

ஆன்லைனில் கோஆக்ஸுக்கு "ஐசோலேட்டர்" என்று ஒரு சின்ன குப்பி விற்கிறான். அதை டிஷ் கேபிளில் போட்டால் சரியாகுமா?

---

பாயான்பாரு_ஒலி

டிஷ் கேபிளில் போடாதீங்க, படமே வராது. அந்தச் சாதா ஐசோலேட்டருக்குள் இருப்பது கெப்பாசிட்டர், டி.சியைத் தடுக்கும். டிஷ்ஷின் எல்.என்.பிக்கு (டிஷ் முன்னால் உள்ள சிக்னல் வாங்கும் தலை) டிகோடர் இதே கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் டி.சி அனுப்புது. அந்தக் குப்பி சாதாரண ஆன்டெனா கேபிளுக்கு ஆகும், அஸ்ட்ரோவுக்கு ஆகாது.

உங்களுக்கு நல்ல வழி ஆப்டிகல். டிவியின் பின்னால் ஆப்டிகல் அவுட் இருக்கும். அதிலிருந்து ஒரு சின்ன டி.ஏ.சி (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி), அங்கிருந்து ஆர்.சி.ஏ ஆம்புக்கு. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் இழையில் கரண்ட் ஓடாது, வளையம் அறுந்துவிடும். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டை 'பி.சி.எம்' என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் சில டி.ஏ.சியில் சத்தமே வராது. பலர் இங்கே கவிழ்வது எங்கே தெரியுமா: டி.ஏ.சிக்கு பவர் வேண்டுமே என்று டிவியின் யு.எஸ்.பியில் சொருகிவிடுவார்கள். யு.எஸ்.பியின் கிரவுண்ட் வழியாக வளையம் மறுபடி சேர்ந்துவிடும், ஹம் திரும்பிவிடும். தனி அடாப்டரில் கொடுங்கள்.

லேப்டாப் கீச்சுக்கு ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஜோடி, ஒன்றுக்கு ஒன்று விகிதம், லைன் லெவலுக்கானது, லேப்டாப்புக்கும் ஆம்புக்கும் நடுவில். மலிவானதில் பேஸ் கொஞ்சம் மெலியும், சின்ன இரும்புக் கரு தாழ்ந்த ஸ்வரத்தில் திணறும். லேப்டாப்புக்கு அது போதும், டர்ன்டேபிள் லைனில் மட்டும் போடாதீர்கள்.

---

வயர்மேன்_செந்தூல்

30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி சாக்கெட் லைனுக்குத் தனியாகப் போடச் சொல்லுங்கள், 100ஐ எடுக்க வேண்டாம். இடிமழையில் அடிக்கடி டிரிப் ஆகுது என்று அதை பைபாஸ் செய்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை டி.பி பாக்ஸ் பக்கம் விடாதீர்கள்.

ஃபியூஸ் கேட்டிருந்தீர்கள். பிளக் ஃபியூஸ் காப்பது கார்டை, ஆம்பை அல்ல. ஆம்புக்குள் தனி ஃபியூஸ் உண்டு. 3 ஆம்ப் ஃபியூஸ் 690 வாட் வரை தாங்கும், 400 வாட் ஆம்புக்குக் கணக்குப்படி போதும். ஆனால் பெரிய டொராய்ட் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பை ஆன் செய்யும் நொடியில் ஒரு பெரிய இழுப்பு இழுக்கும், 3 ஆம்ப் நாளாக ஆகத் தளர்ந்து ஒருநாள் போகும். 5 போடுங்கள். 0.75 சதுர மி.மீ கார்டு 6 ஆம்ப் தாங்கும், 1.0 என்றால் 10, 1.25 என்றால் 13. ஆக 0.75 கார்டில் 13 ஆம்ப் ஃபியூஸைப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நம் பிளக்குகள் பல 13ஓடுதான் விற்பனைக்கு வருகின்றன.

கார்டு வாங்கும்போது சிரிம் முத்திரையை (நம் நாட்டுத் தரச் சான்று) பாருங்கள். பிளக்கில் லைவ், நியூட்ரல் பின்களின் அடிப்பாகத்தில் கறுப்பு உறை இருக்கணும், எர்த் பின் முழுக்க உலோகமாக இருக்கணும். எர்த் பின்னிலும் உறை இருந்தால் அது போலி, சாக்கெட்டுக்குள் எர்த் தொடாமலே போகலாம். ஃபியூஸ் இல்லாத மூன்று பின் பிளக்கும் சந்தையில் திரியுது. ஆயிரக்கணக்கில் விலை போகும் பாம்பு மாதிரிக் கார்டுகள் பலவற்றில் சிரிம் முத்திரையே இருக்காது. என் கண்ணுக்கு அது காசும் வீண், ஆபத்தும் கூட.

நீங்களே பிளக் மாட்டுவதாக இருந்தால் (எர்த் பின் மேலே இருக்க, திறந்த உள்பக்கத்தைப் பார்த்து): பழுப்பு ஃபியூஸ் பக்கம், நீலம் இடது, பச்சை மஞ்சள் மேலே. எர்த் வயரை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், கார்டை யாராவது இழுத்தால் கடைசியாகப் பிய்வது அதுவாக இருக்கணும். கிளாம்ப் பிடிக்க வேண்டியது வெளி உறையை, உள் வயர்களை அல்ல. திருகுக்கு அடியில் போகும் இழைகளில் ஈயம் பூசாதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நகர்ந்து திருகு தளரும், சூடேறும், பிளக் பழுப்பாகும். முடிந்ததும் பிளக் எர்த் பின்னுக்கும் ஆம்பின் வண்ணம் பூசாத ஸ்குரூவுக்கும் நடுவே ஓம் பாருங்கள், மீட்டர் வயரின் சொந்த ஓமைக் கழித்து 0.2க்குள் வரணும்.

---

மெல்லிசை88

சரிங்க அண்ணே, எர்த்தைக் கழற்றுவதை விட்டுட்டேன். என்னிடம் லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய ஜப்பான் ஆம்ப் ஒன்று இருக்கு, 100 வோல்ட், இரண்டு பட்டை பின். இதில் எர்த்தே கிடையாதே? ஸ்டெப் டவுன் மாட்டி ஓட்டுறேன்.

---

வயர்மேன்_செந்தூல்

முதலில் அந்த ஸ்டெப் டவுன் எந்த வகை என்று பாருங்கள். சின்னதும் மலிவானதும் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், ஒரே சுருள். கரண்டின் ஒரு கம்பி அதில் நேராக அவுட்புட்டுக்கே வரும். அடாப்டரிலோ சாக்கெட்டிலோ லைவும் நியூட்ரலும் இடம் மாறினால் அவுட்புட்டின் ஒரு முனை எர்த்துக்கு மேல் 230 வோல்டிலும் மறுமுனை 130இலும் நிற்கும். நடுவே 100தான், ஆம்ப் நன்றாகப் பாடும், ஆனால் 100 வோல்டுக்குச் செய்த இன்சுலேஷன் 230ஐச் சுமக்கும். ஐசோலேஷன் வகை, தனித்தனிச் சுருள், வாங்குங்கள். கனமாக இருக்கும். ஆம்பின் பின்னால் போட்ட வாட்டுக்கு ஒன்றரை மடங்கு வி.ஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு) போதும்.

பின்னால் 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் நிம்மதி. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60, அதனால் அவர்கள் பெட்டி இரண்டுக்கும் ஆகும். 60 மட்டும் போட்ட அமெரிக்கப் பெட்டி என்றால் நம் 50இல் டிரான்ஸ்ஃபார்மர் அதிகம் சூடாகும், ஸ்டெப் டவுன் அதை மாற்றாது.

பின்னால் சதுரத்துக்குள் சதுரம் படம் இருந்தால் இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை, போடவும் வேண்டாம். படம் இல்லாத இரும்புப் பெட்டி என்றால் டெக்னீஷியனிடம் மூன்று பின் இன்லெட் போடச் சொல்லுங்கள். எர்த் வயர் உடலில் சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டணும், வளைய முனை, பல் வாஷர், தனி எம்4 போல்ட். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கும் போல்டில் சேர்த்துத் திருகினால் அடுத்த ரிப்பேரில் யாரோ கழற்றி மாட்ட மறப்பார்கள்.

---

பாயான்பாரு_ஒலி

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எர்த் போட்ட பிறகு அந்த ஆம்பிலும் ஹம் வந்தால், எர்த் வயருக்கும் உடலுக்கும் நடுவே ரெசிஸ்டர் வைக்கச் சொல்லும் பழைய யோசனை சுற்றிக்கொண்டிருக்கு, கேட்காதீர்கள். எர்த் உடலில் நேராகத்தான் சேரணும். சிக்னல் கிரவுண்ட் மட்டும் உடலிலிருந்து பிரிந்து, 10 ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக 35 ஆம்ப் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகச் சேரலாம். சின்ன ஹம் கரண்டுக்கு 10 ஓம் தடை, பழுது வந்தால் பிரிட்ஜ் திறந்து முழுக் கரண்டையும் எர்த்துக்கு விடும். ஆர்.சி.ஏ முனைகள் உடலைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷரில் இருந்தால்தான் இது வேலை செய்யும். பாகங்கள் கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும். பிரிட்ஜ் உலோகப் பெட்டி வகையாக இருக்கட்டும், உடலில் திருகி வையுங்கள்.

---

ஜெலுத்தோங்_வாசி

டி.ஏ.சி வாங்கி ஆப்டிகலில் போட்டாச்சு, தனி அடாப்டர். ஹம் இல்லை, குறுகுறுப்பும் இல்லை. 5 ஆம்ப் ஃபியூஸ் மாட்டிட்டேன். எர்த் கம்பியை அளக்க வயர்மேன் சனிக்கிழமை வர்றார். இடி நேரத்துக்கு சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வைக்கலாமா அண்ணே?

---

வயர்மேன்_செந்தூல்

வைக்கலாம், ஆனால் எர்த் அளந்த பிறகு. அதன் பாதி வேலை எர்த்துக்குத் தள்ளிவிடுவதுதான். பக்கத்தில் விழும் பெரிய இடிக்கு அது நிற்காது. இடி கேட்டால் ஆம்ப் பிளக்கை உருவுங்கள், டிகோடரில் டிஷ் கேபிளையும், இன்டர்நெட் மோடத்திலிருந்து வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். பவர் பிளக்கை மட்டும் உருவிவிட்டு டிஷ் கேபிளை விட்டுவைத்தால் அந்த வழியாக வந்து டிகோடர், டிவி இரண்டையும் எடுத்துக்கொண்டு போகும்.